கரிவாயுப் பேருந்தும் பித்தளைப் பானையும்

1. அறிவிப்புப் பலகை

மதுரையில் ஒரு பேருந்து நிறுவனத்தில் நேரக் காப்பாளனாக நான் பணியேற்ற முதல் நாள், முதலாளி எனக்கு இட்ட முதல் வேலை ஓர் அறிவிப்பு எழுதுவது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பெட்ரோலுக்குப் பெரும் தட்டுப்பாடு. ஆகவே, பேருந்தின் பின்புறத்தில் இரும்பு உலை ஒன்றைப் பொருத்தி, அதில் மரக்கரியை எரித்து, எழும் வாயுவைக் கொண்டு வண்டியை ஓட்டினோம்.

“தமிழ் படிச்சவருன்னு சொன்னாக, புலவரே. நம்ம டிரைவர்மாருக்கு ஒறைக்கிற மாதிரி ஒண்ணு எழுதிப் போடுங்க. வேகத்தக் கொறைக்கணும், அம்புட்டுத்தான்” என்றார் முதலாளி.

“விரைவு தவிர்த்து, வரம்பு பேணி, வழிச்செல்வோர் நலம் காத்து ஊர்தி செலுத்துக” என எழுதினேன். பலகை கொட்டகைச் சுவரில் ஏறியது. அதன் ஓசையழகில் நான்கு நாள் நானே மகிழ்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் பார்த்தபோது, பலகையைத் தாங்கிய ஆணியில் ஓட்டுநர்கள் தங்கள் சட்டைகளை மாட்டியிருந்தார்கள்.

மணிக்கு இருபது மைல் என்ற வேக வரம்பைப் பற்றி அவர்களுக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. சாலையோரப் பலகை, நமக்கு முன்னே போகும் அடுத்த நிறுவனத்து வண்டிக்காக நட்டது என்பது ஒன்று. எதிரே வரும் ஓட்டுநர் கையை வெளியே நீட்டி விரல்களை மடக்கினால் முன்னே காவலர் நிற்கிறார் என்று பொருள். அப்போது மட்டும் அந்த வரம்பு நமக்கும் உரியது என்பது மற்றொன்று. திண்டுக்கல் தடத்து ஓட்டுநர் சோணைமுத்து இவ்விரண்டையும் கடந்தவர்.

“பலகைய நட்டவன் மாட்டு வண்டியில வந்து நட்டிருப்பான் அய்யா. அவனுக்கு அதுதான் வேகம்” என்பார்.

2. படத்தில் வந்த பானை

அந்நாளில் மதுரைக்கு ஒரு பேசும் படம் வந்திருந்தது. நாடிழந்த அரசி ஒருத்தி, பகைவன் அரண்மனையில் சமையற்காரியாக மறைந்து வாழ்கிறாள். சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும் இட்ட பானையின் வாயைக் கோதுமை மாவால் அடைத்து, தணிந்த தணலருகே வைக்கிறாள். பானை திறந்ததும் அரண்மனையே எழுந்து வருகிறது. சோணைமுத்து அப்படத்தை மூன்று முறை பார்த்தார். பாட்டு எதுவும் அவர் நினைவில் இல்லை. பானை மட்டும் இருந்தது.

வீட்டில் அவர் மனைவி அடுப்பை விட்டுத்தர மறுத்துவிட்டார். ஆகவே அவர் பித்தளைப் பானை ஒன்றைக் கொணர்ந்து, பேருந்தின் உலையையொட்டிக் கம்பியால் கட்டினார். வழக்கமான வேகத்தில் திண்டுக்கல் போய்ச் சேர்ந்து மாவுப் பூட்டை உடைத்தார். அடி கரிந்திருந்தது, மேலே அரிசி அரிசியாகவே இருந்தது.

நடத்துநர் வேலு விளக்கம் சொன்னார். “அண்ணே, நீங்க மிதிக்க மிதிக்க எஞ்சின் காத்த இழுக்குது. காத்து ஏற ஏற உலை கனலுது. ராணி பானைய வச்சுட்டு கம்முனு உக்காந்திருந்தா. நீங்க எங்க உக்காந்தீக?”

3. பின் இருக்கையில் நான்

சோணைமுத்து மீது ஏற்கெனவே இரண்டு வேக வழக்குகள் இருந்தன. மூன்றாவது வந்தால் உரிமம் போய்விடும். முதலாளி பொறுமையிழந்தார்.

“சொல்லாம கொள்ளாம அவரு வண்டியில ஏறுங்க, புலவரே. மைலுக்கு மூணு நிமிசத்துக்குக் கொறஞ்சுச்சுன்னா எழுதிக் குடுங்க. போலீசு வீட்டுக்கு அனுப்புறதுக்கு முந்தி நானே அனுப்பிர்றேன்.”

ஐந்து பிள்ளைகளுக்குத் தந்தையான ஒருவரின் பிழைப்பு என் கைக்கடிகாரத்தில் வந்து நின்றது. திண்டுக்கல்லில் சொந்த வேலை இருப்பதாகச் சொல்லிப் பின் இருக்கையில் அமர்ந்தேன். உலையருகே பானை மறுபடியும் கட்டப்பட்டிருந்தது.

சமயநல்லூர் தாண்டி மைல்கற்களை எண்ணத் தொடங்கினேன். மூன்று நிமிடம். அடுத்த கல்லுக்கும் மூன்று. அதற்கடுத்து மூன்றேகால். நான் ஏறிய காரணத்தை எவரேனும் உளறிவிட்டனரோ என ஐயுற்றேன். அப்போது போட்டி நிறுவனத்துப் பேருந்து புழுதி கிளப்பிக்கொண்டு எங்களைக் கடந்தது. அவ்வண்டிப் பயணிகள் கை கொட்டிக் கூவினார்கள்.

சோழவந்தான் வெற்றிலையைத் திண்டுக்கல் சந்தையில் விற்கும் பேச்சியம்மாள், கூடைமேல் கைவைத்து எழுந்தேவிட்டார். “ஏப்பா சோணை, ஒடம்புக்கு முடியலயா? அவன் முந்திட்டுப் போறான், நீ பொண்ணழைக்கப் போறவன் கணக்கா போற?”

“போகட்டும் மதினி. மிதிச்சா தீ ஏறிரும்.”

“எங்க ஏறும்?”

“பின்னால மோந்து பாருங்க.”

அவர் முகர்ந்தார். வண்டி முழுதும் முகர்ந்தது. அதன்பின் விரைந்து போகச் சொன்னவர் எவருமில்லை.

வாடிப்பட்டிக்கு முன்னால் இரு மைல்கற்களில் காவலர் இருவர் கடிகாரத்தோடு மறைந்திருந்தனர். எதிரே வண்டி எதுவும் வராததால், விரல் மடக்கிக் காட்டவும் ஆளில்லை. எங்களைக் கடந்து சென்ற பேருந்து ஓரமாக நிறுத்தப்பட்டிருந்தது. அதன் ஓட்டுநர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். எங்களைப் போகச் சொல்லிக் காவலர் கையசைத்தார்.

4. அறிக்கை

திண்டுக்கல்லில் பானை திறந்தது. அரிசி பூப்போல மலர்ந்திருந்தது. சோணைமுத்து எனக்கும் ஓர் இலை போட்டார். உண்டு முடித்த பிறகு, நான் வந்த காரணத்தை அவரிடம் சொன்னேன். மறைத்துச் சென்றுவிட மனம் இடங்கொடுக்கவில்லை.

அவர் தம் இலையை மடித்து ஓரமாக வைத்தார். “வேகத்துல தப்பு இல்லையே அய்யா?”

“இல்லை. ஆனால் உலையருகே எதையும் வைக்கக் கூடாது என்பதும் விதி.”

“பானையையும் எழுதுவீகளா?”

“எழுதத்தான் வேண்டும்.”

பானையை மூடி வைத்தார். பிறகு, “பொய் எழுதுங்கன்னு சொல்ல மாட்டேன். எழுதுறதுதான் எழுதுறீக, ருசியையும் சேத்து எழுதுங்க” என்றார்.

“சமயநல்லூர் முதல் திண்டுக்கல் வரை வேகம் வரம்பைக் கடக்கவில்லை. உலையருகே சமையற்பானை ஒன்று விதிக்கு மாறாகக் கட்டப்பட்டிருந்தது. வேகம் கடவாமைக்கு அப்பானையே காரணம். உணவு நன்றாக இருந்தது” என எழுதிக் கொடுத்தேன்.

முதலாளி இருமுறை படித்தார். “என்ன புலவரே, எல்லா வண்டியிலயும் பானை கட்டச் சொல்றீகளா?” என்றவர் சிரித்துவிட்டார். பானையை இறக்கச் சொன்னார், சோணைமுத்துவை இறக்கவில்லை.

எனக்கு மட்டும் கவலை இருந்தது. பானை போனால் பழைய வேகம் திரும்பும் என்றே எண்ணினேன். இரண்டு திங்கள் கழித்து மீண்டும் அவ்வண்டியில் ஏறி மைல்கற்களை எண்ணினேன். மூன்று நிமிடம், மூன்று நிமிடம்.

“பானைதான் இல்லையே, சோணைமுத்து?”

“கால் படிஞ்சு போச்சு அய்யா. மூணு நிமிசம்னா எம்புட்டு மிதிக்கணும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. அதுக்கு முன்னாடி யாரு சொன்னா?”

நான் சொல்லியிருந்தேன், பலகையில், எதுகை மோனையோடு. அதில் எவ்வளவு மிதிக்க வேண்டும் என்பதுதான் இல்லை.

மறுநாள் அப்பலகையைக் கழற்றிவிட்டு வேறொன்று எழுதினேன்: “மைல்கல்லுக்கு மைல்கல் மூன்று நிமிடம்.” விதி எழுதும் பொறுப்பு உங்களுக்கு வரும்போது, செய்பவன் கையாலோ காலாலோ அளந்து பார்க்கக்கூடியதாக எழுதுங்கள். அந்தப் புதிய பலகையின் ஆணியில் சோணைமுத்து தம் சட்டையை மாட்ட வந்தார், படித்தார், சட்டையை வேறிடத்தில் மாட்டினார்.