ஏறிட்டா காலு என்னுது

போன மாதம் என் நண்பர் தயாளன் ஒரு பந்தயம் கட்டினார். பந்தயப் பொருள் — அவருடைய இடது கால்.

விளையாட்டில்லை. முட்டிக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்ட கால் அது. பல வருஷத்து சர்க்கரை. சுண்டுவிரலில் வந்த புண், பாதம் வரை கறுத்து ஏறியிருந்தது. தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். தயாளன் கேட்டால்தானே?

திருத்தணி பைபாஸில் லாரி ஷெட் வைத்திருந்தவர் அவர். கிளட்ச் வேலை என்றால் சித்தூர் பக்கத்திலிருந்துகூட வண்டி வரும். உடம்பு முடியாமல் போனதும் ஷெட்டைத் தன்னோடு வேலை பார்த்த ஏழுமலையிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? சென்னை வெள்ளத்தில் மூழ்கிய ஒரு இத்தாலி ஸ்போர்ட்ஸ் காரைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி வந்து, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிறுத்தினார்.

இரண்டே சீட். எஞ்சின் முதுகுக்குப் பின்னால். தரையோடு தரையாக, பளீரென்று மஞ்சள். தெருவே அதற்கு 'மஞ்சத் தவளை' என்று பேர் வைத்துவிட்டது.

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் சரியாயிற்று, கிளட்ச் தவிர. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய கிளட்ச் பிளேட் ஒருவழியாக வந்து சேர்ந்த நேரத்தில்தான் டாக்டரும் அந்தச் செய்தியைச் சொன்னார்.

"கிளட்ச்சை அமுக்கற காலு ரைட்டரே இது. இத்தப் போயி வெட்டணும்ன்றாரு" என்றார் தயாளன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, கதை எழுதிக்கொண்டிருந்த என்னை ஊரில் முதன்முதலாக 'ரைட்டர்' என்று கூப்பிட்ட மனுஷன். "இந்த வண்டிய கோயில் மலைக்கு ஏத்திக் காட்டறேன். ஏறிட்டா காலு என்னுது. ஏறலைன்னா டாக்டருது."

இப்படி ஒரு வரி, நான் உட்கார்ந்து யோசித்தால் வருமா? வராது. ஆனால் அன்றைக்கு ரசிக்க முடியவில்லை. பின்னால் அவர் மனைவி கஸ்தூரி நின்றிருந்தார்.

"கேக்கறீங்களாண்ணா? காலு யாருதுன்னு பிரிச்சிட்டாரு. நான் ஒருத்தி நிக்கறேனே, என்னை யாருகிட்ட குடுக்கப் போறாராம்?"

"உன்னை எவன் வாங்குவான்? வாயி மைலேஜ் ஜாஸ்தி" என்றார் தயாளன்.

கஸ்தூரி சிரிக்கவில்லை. ஆர்.கே.பேட்டையில் தறிக்காரக் குடும்பத்துப் பெண். உள்ளே போய்விட்டார்.

வேலை ஆரம்பமானது. லாரி என்றால் கீழே படுத்துப் பார்க்கலாம். இதற்குக் கீழே பூனை நுழையாது. காரை மரக்கட்டைகள் மேல் ஏற்றி, செயின் பிளாக் சங்கிலியில் கியர்பாக்ஸைக் கட்டி மெதுவாகப் பின்னால் இழுத்தார்கள். கட்டுப்போட்ட காலைக் கவிழ்த்த பக்கெட் மேல் வைத்துக்கொண்டு தயாளன் ஸ்டூலில் இருந்தபடியே வேலை பார்த்தார். ஏழுமலை தூக்கினான், பிடித்தான், திட்டு வாங்கினான்.

புது பிளேட்டை மட்டும் யாரையும் தொடவிடவில்லை.

"எண்ணெக் கையோட கிட்ட வராத! ஒரு சொட்டு பட்டாலும் புடிக்காது. எஞ்சின் சுத்திகினே இருக்கும், வண்டி நின்ன எடத்துல நிக்கும்."

கண்ணாடி போடாமல், கொட்டகை வெளிச்சத்தில், தன் கையாலேயே பிளேட்டைப் பொருத்தினார். எல்லாம் மூடியாயிற்று.

ஒரு காலை நேரம் கிளம்பினோம். பக்கத்து சீட்டில் நான். அவருடைய இடது பாதத்தில் உணர்ச்சி செத்து ரொம்ப நாளாகிறது. பெடல் மேல் இருக்கிறதா, இல்லையா என்று அந்தக் காலுக்கே தெரியாது. எஞ்சின் சத்தத்தை வைத்துத்தான் கிளட்ச்சை விட்டார். சும்மா சொல்லக்கூடாது... பூப்போல நகர்ந்தது வண்டி. கடைத்தெருவில் ஆட்டோக்காரர்கள் கைதட்டினார்கள். தயாளன் முகத்தில் இருபது வயசு குறைந்தது.

மலைப்பாதையில் முதல் வளைவு வரைக்கும்தான்.

இரண்டாவது வளைவில் எஞ்சின் கத்தியது. வண்டி நகரவில்லை. மறுபடி மிதித்தார். சத்தம் மட்டும் ஏறியது. கருகின வாடை. பின்னால் பக்தர்கள் வேன்.

"யோவ் தவளை! தாண்டுய்யா!" என்று கத்தினார் வேன் டிரைவர்.

தயாளன் அதைக் காதில் வாங்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ரைட்டரே, என் காலு எங்க கீது? பெடல் மேலயே வெச்சுகினு கீறனா? பாத்துச் சொல்லு."

குனிந்து பார்த்தேன். அந்த இடுக்கில் இருட்டு. ஒன்றும் தெரியவில்லை என்றேன்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அதாவது, தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். கிளட்ச் மேல் பாதி கால் வைத்துக்கொண்டே ஓட்டினால் பிளேட் எரியும் என்று எத்தனை லாரி டிரைவர்களைத் திட்டியிருப்பார்! மரத்துப்போன கால் தனக்குத் தெரியாமலே பெடலில் கிடந்து பிளேட்டைத் தின்றுவிட்டது — அதுதான் அவர் தீர்ப்பு.

"துரோகி" என்றார். காரை அல்ல. காலை.

எஞ்சினை அணைத்துவிட்டு, "டாக்டருக்குப் போன் போடு" என்றார்.

ஆபரேஷன் முடிந்தது. உயிர் தப்பியது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தொடை வரைக்கும் போயிருக்கும் என்றார் டாக்டர். ஆனால் வீட்டுக்கு வந்தவர் பழைய தயாளன் இல்லை. படுத்தபடியே, இல்லாத காலைத் திட்டிக்கொண்டிருந்தார். "நம்ப வெச்சி ஏமாத்திடுச்சி... கடைசி நேரத்துல கவுத்திடுச்சி..." போகிறவர் வருகிறவரிடமெல்லாம் இதே புராணம்.

நாம் எல்லோருமே அப்படித்தானே? வீட்டில் எது உடைந்தாலும், ஏற்கெனவே நோஞ்சானாக ஒரு மூலையில் கிடப்பவர் மேல்தான் முதல் சந்தேகம் போகிறது. அவரால் எதிர்த்துப் பேச முடியாது பாருங்கள்.

போன வாரம் ஏழுமலை மறுபடி கியர்பாக்ஸை இறக்கினான். நானும் இருந்தேன். எரிந்த பிளேட்டை வெளியே எடுத்து முகர்ந்தான்.

"இன்னா ரைட்டரே இது? கிளட்ச்சா, பொங்கப் பானையா? நெய் வாடை அடிக்குது!"

திருப்பிப் பார்த்தோம். எஞ்சினைப் பார்த்திருந்த பக்கத்தில், மூன்று இடத்தில் கருகிய பிசுக்கு. அதன் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு.

டீ கொண்டுவந்த கஸ்தூரி அதைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார்.

"எங்கம்மா வூட்ல தறிக்குப் புதுசா எது வாங்கனாலும் பொட்டு வெக்காம மாட்ட மாட்டாங்கண்ணா. அவரு பாத்தா தொடச்சிடுவாருன்னு, மாட்டறதுக்கு மொத நாள் ராத்திரி அவரு தூங்கறப்போ அடிப்பக்கமா வெச்சேன். உதிராம இருக்கட்டும்னு குங்குமத்த நெய்யில கொழச்சி... மலைக்குப் போனவரு நல்லபடியா திரும்பி வரணும்னுதான் வேண்டினேன்."

பிளேட்டின் செங்கல் நிறத்தில் குங்குமம் ஒளிந்துகொண்டுவிட்டது. சூட்டில் நெய் உருகிப் பரவிவிட்டது. மலையில் வழுக்கியது அதுதான். கால் அல்ல.

"அண்ணி, இத்த அவருகிட்ட சொல்லாதீங்க. நான் தேச்சிக் கழுவி வெச்சிடறேன்" என்றான் ஏழுமலை.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. வண்டி ஏறியிருந்தால் அவர் ஆபரேஷனுக்குச் சம்மதித்திருக்கவே மாட்டார். இன்று உயிரோடும் இருந்திருக்க மாட்டார். நடந்தது நடந்ததாகவே இருக்கட்டுமே?

கஸ்தூரி தலையாட்டினார். "வேணாம் ஏழுமலை. ஒரு பாவமும் பண்ணாத காலு. வாங்கன திட்டு போதும்."

நேராக உள்ளே போய், கட்டில் பக்கத்தில் நின்று, ஒன்று விடாமல் சொன்னார். நானும் ஏழுமலையும் வாசற்படியில் நின்றோம். இடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன்.

தயாளன் மெக்கானிக்காகத்தான் முதலில் கேட்டார். "எந்தப் பக்கம் வெச்ச?"

"நீங்க பாக்காத பக்கம்."

"நெய்யிலயா?"

"ஆங்."

பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்போ... காலு ஒழுங்காத்தான் அமுக்குச்சா ரைட்டரே?"

"ஒழுங்காத்தான் அமுக்குச்சு" என்றேன்.

முகம் ஒரு நொடி மலர்ந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் அந்த மலர்ச்சியைப் பார்த்தேன். அப்புறம் அவர் கை போர்வையின் இடது பக்கம் போனது. ஒன்றுமில்லாமல் தட்டையாகக் கிடந்த இடத்தை மெதுவாகத் தடவினார்.

"அத்தப் போயி எவ்ளோ திட்டிட்டேன்..."

மன்னிப்புக் கேட்கலாம்தான். எங்கே போய்க் கேட்பது?