காது மெஷின் விற்றவன்

மடிப்பு அண்ணனுக்கு ஜோடியாக என்னைப் போட்டதற்கு ஒரே காரணம் என் தொண்டை. பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில் இருக்கிறது எங்கள் சலவைக்கூடம். துவைக்கும் மெஷினும் உலர்த்தும் மெஷினும் ஓயாமல் இரையும். அந்த இரைச்சலையும் மீறிக் கேட்கும் குரல் என்னுடையது. மூன்றாவது மாடியில் தூங்குகிற விருந்தாளி என்னால் எழுந்துவிடுவார் என்று மேற்பார்வையாளர் கிண்டல் செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். காது கேளாத மனிதரோடு நாள் முழுக்க நிற்க அவர் வருவாரா?

அண்ணன் பிறவியிலேயே அப்படி இல்லை. அந்த மெஷின்கள் தின்ற காது அது. படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு இரண்டு முனை. அவர் தாடையைத் தூக்கினால் இழு என்று அர்த்தம். கண்ணைச் சிமிட்டினால் கறை இருக்கிறது, ஒதுக்கு என்று அர்த்தம். எங்கள் கூடத்தில் எல்லோருமே சாடையில்தான் வேலை செய்வோம். வேறு வழியும் இல்லை. அதனால் காது போய்க்கொண்டிருந்தது அவருக்கே வெகு நாள் தெரியவில்லை. மடிப்பில் ஒரு சுருக்கம் விழாது. பெயரே அப்படித்தான் வந்தது. குறை தெரிந்ததெல்லாம் வெளியேதான்.

காது கேளாதவரிடம் மனிதர்கள் பேசுவதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் சாதாரணமாகச் சொல்வார்கள். அவர் "என்ன?" என்றால் கத்துவார்கள். மறுபடியும் "என்ன?" என்றால், "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று போய்விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்றுமில்லாததற்கா இவ்வளவு நேரம் வாயைத் திறந்தீர்கள்? மளிகைக்கடைக்காரரிலிருந்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் அவருக்குச் சொன்னது அந்த "ஒண்ணுமில்ல"தான். வெளியூரில் கட்டிக்கொடுத்த ஒரே மகளும் அதையே சொல்லிப் போனை வைக்க ஆரம்பித்தாள். அண்ணியும் இறந்துவிட்டிருந்தார். பிறகு மகளிடமிருந்து பேச்சு நின்று, காலை வணக்கம் எழுதிய பூப்படங்கள் மட்டும் வந்தன.

மகள் பேசினால் கேட்க வேண்டும் என்றுதான் அண்ணன் காது மெஷின் வாங்கக் கிளம்பினார். ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கும் கடையில் விலை கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். பிறகு போனில், பலரும் பொருள் விற்கும் ஒரு கம்பெனியில் தேடி, வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் சிரிக்கும் படத்தைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் ஒன்றை வாங்கிவிட்டார். வந்த பொருளை என் காதில் வைத்துப் பார்த்தேன். 'கீ' என்று ஒரு கூச்சல், அதற்குப் பின்னால் நானே மென்று விழுங்கும் சத்தம். அவ்வளவுதான். குழந்தைகள் விளையாட்டுச் சாமானைக் காது மெஷின் என்று அண்ணன் தலையில் கட்டியிருக்கிறான் விற்றவன்.

எனக்கு இதெல்லாம் புதிதில்லை. இரண்டும் இடது காலாக ஒரு ஜோடிச் செருப்பு எனக்கு வந்தது. அதை அனுப்பியவனும் தேனொழுகத்தான் பேசினான். இந்தக் கூட்டத்தின் வேலை என்ன தெரியுமா? பொருளைத் திருப்பித் தர ஒரு கெடு உண்டு. அதுவரை நம்மை இனிக்க இனிக்கப் பேசி இழுத்தடிப்பான். கெடு தாண்டியதும் ஆள் காற்றில் கரைந்துவிடுவான். அண்ணனுக்கு இதைக் கத்திக் கத்திப் புரிய வைத்தேன். பணம் திரும்பி வந்தால், கையிருப்பையும் சேர்த்து, ஆஸ்பத்திரி எதிரே நல்ல மெஷினே வாங்கிவிடலாம் என்றும் சொன்னேன். விற்றவனிடம் கேட்டிருக்கிறேன், பதில் போடுகிறான் என்றார் அவர். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் போனை வாங்கிப் பார்த்தேன். விற்றவன் தன் படத்துக்குப் பதில் யாரோ பெற்ற குழந்தையின் படத்தை வைத்திருந்தான். முதல் வரியே, "வணக்கம் ஐயா, சாப்பிட்டீர்களா?" முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள் என்று ஒரு நாள். மெஷின் உங்கள் காதுக்குப் பழக வேண்டும் என்று மறுநாள். காது என்ன புது மாப்பிள்ளையா, பழகுவதற்கு? நானே வேறு மெஷின் அனுப்புகிறேன், கம்பெனியில் புகார் மட்டும் வேண்டாம் என்று அதற்கடுத்து. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, முட்டி வலி எப்படி.

முட்டி வலி அவனுக்கு எப்படித் தெரியும்? அண்ணன்தான் எழுதியிருந்தார். எழுத்தில் யாரும் கத்த வேண்டியதில்லை, அவரும் "என்ன?" என்று கேட்க வேண்டியதில்லை. பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். இத்தனை வருஷம் ஒரே விரிப்பின் இரண்டு பக்கமும் நின்றவள் நான். அண்ணி இறந்தது எனக்குத் தெரியும். கடைசியாக அண்ணி எதைப் பார்த்துச் சிரித்தார் என்பது அந்தத் திருடனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அவன் மேல் கோபமா, எனக்குச் சொல்லவில்லையே என்ற ஆற்றாமையா என்று கேட்காதீர்கள். இரண்டும்தான்.

அங்கேயே புகாரைப் பதிந்துவிட்டேன். கெடு முடிய இன்னும் ஒரே நாள்தான் இருந்தது. கம்பெனியிலிருந்து கூப்பிட்டு உறுதி செய்துகொள்வார்கள் என்று பதில் வந்தது. அண்ணனிடம் காட்டினேன். தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை அவனிடமிருந்து செய்தி வந்திருந்தது: "ஐயா, புகார் கொடுத்தது நீங்களா? உங்களை அப்பா மாதிரி நினைத்தேனே." என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். நாங்கள் மேஜைத்துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணனின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நான் பிடுங்கிக்கொண்டு வெளி நடைக்கு ஓடினேன், அவரும் பின்னாலேயே வந்தார். கம்பெனிப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். எல்லாம் சொன்னேன். பொருள் வாங்கியவர் ஒரே ஒரு வார்த்தை தன் வாயால் சொன்னால் போதும், பணம் வந்துவிடும் என்றாள்.

அண்ணன் காதோரம் போய்க் கத்தினேன். "பொருள் சரியில்ல, பணம் வேணும்னு சொல்லுங்கண்ணே!"

அவர் என் உதட்டைப் பார்த்தார். புரிந்துகொண்டார், அதில் சந்தேகமே இல்லை. போனை வாங்கி வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"பொருள் நல்லா இருக்கும்மா. எனக்கு ஒரு புகாரும் இல்ல."

அவள் பதிலை அவர் எங்கே கேட்கப் போகிறார்? போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்த் தன் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் துணியை அப்படியே அவர் மேல் எறிந்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு மடித்தேன். அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. சாயங்காலம் அவன் அஞ்சு நட்சத்திரம் போடச் சொன்னானாம். இவர் போட்டாராம்.

கெடு முடிந்தது. அடுத்த நாள் அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அண்ணன் விரிப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். அவர் பக்கத்து முனை தரையில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை. அதற்கும் மறுநாள் குழந்தைப் படமும் போய், வெறும் சாம்பல் வட்டம் இருந்தது. அதற்குக் கீழே அண்ணன் எழுதியவை வரிசையாகக் கிடந்தன. சாப்பிட்டீர்களா தம்பி? உடம்புக்கு முடியவில்லையா? வேலையில் ஏதும் பிரச்சினையா? ஒன்றையும் யாரும் பார்த்த அடையாளம் இல்லை.

வேலை முடிந்து உடை மாற்றும் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அங்கே மெஷின் இரைச்சல் குறைவு. நான் போய் எதிரில் நின்றேன். அவன் திருடன் என்று எத்தனை தடவை சொன்னேன், மண்டையில் ஏறியதா, மகள் பேச்சைக் கேட்க வேண்டும் என்று வாங்கிய பொருளாச்சே, எல்லாம் போச்சே என்று கொட்டித் தீர்த்தேன். போவோர் வருவோரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

"மெஷின் வாங்கிட்டேன், இனிமே நல்லா கேக்கும்னு மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், தங்கச்சி. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற பொம்மை ஒண்ணு அனுப்பினா. போன் பண்ணுவான்னு பாத்தேன். பண்ணல."

போனைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நல்ல மெஷின் வாங்கி நான் யார் பேச்சைக் கேக்கறது? அவன் ஏமாத்துறான்னு எனக்கு மொத நாளே தெரியும். கெடு முடிஞ்சா போயிடுவான்னும் தெரியும். கெடு முடியற வரைக்கும் இருந்தான்ல."