நாக்கில் ஒட்டிய எலும்பு

என் நாத்தனாரை எல்லோரும் நாக்குக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வாயும் கொஞ்சம் நீளம்தான், ஆனால் பேர் வந்தது அதனால் அல்ல.

பழங்காலத்து எலும்பு தேடிய ஒரு பேராசிரியரிடம், குகைக்குள் மண் தோண்டும் வேலைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்தே போனோம். ஒரே சல்லடைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். சலித்து மிஞ்சுவதில் எது கல், எது அந்தக் காலத்து எலும்பு என்று கண்ணுக்குத் தெரியாது. நாக்கு நுனியில் வைத்துப் பார்க்க வேண்டும். கல் வழுக்கிவிடும், எலும்பு அட்டை மாதிரி கவ்வும். பேராசிரியர் சொல்லிக்கொடுத்த வித்தைதான், ஆனால் அவள் அவரையே மிஞ்சிவிட்டாள். வீட்டில் உடைந்த கோப்பையைக் கண்டாலும் நாக்குக்குக் கொண்டுபோவாள். "சாப்பாடு பத்தலையாடி உனக்கு?" என்று அவள் அண்ணன், என் வீட்டுக்காரர், தலையில் அடித்துக்கொள்வார்.

குழியில் மண் அடுக்கு அடுக்காக இருக்கும். ஒவ்வொரு வாளி மேலே வரும்போதும் அது எந்த அடுக்கு என்று மேஸ்திரி கூவுவார். எலும்பு கிடைத்தால் அந்த அடுக்கைச் சீட்டில் எழுதிப் பையில் போடுவதும் அவர் வேலை. எங்கள் இருவருக்கும் எழுத்து வராது.

அன்று காலை, "வெள்ளைச் சாம்பலுக்குக் கீழ, வடக்கு மூலை!" என்று கூவி ஒரு வாளி அனுப்பினார். அதில் கட்டைவிரல் அளவில் வளைந்த துண்டு ஒன்று. நாத்தனார் நாக்கில் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். துண்டு விழவில்லை, தொங்கியது.

"மேஸ்திரி, சீட்டு எழுதுங்க. எலும்பு."

"கல்லு அது. தூக்கிப் போடு."

"கல்லு நாக்குல ஒட்டாதுங்க."

"உன் நாக்குல ஊர் வம்பே ஒட்டுது, கல்லு ஒட்டாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது. மேஸ்திரி அதைப் பிடுங்கிக் கழிவு மண் குவியலில் வீசினார்.

மூன்று நாள் மத்தியானம் சாப்பிடாமல் அந்தக் குவியலைக் கிளறி, கடைசியில் எடுத்துவிட்டாள். மறுபடி கொடுத்தால் மறுபடி வீசுவார் என்று துணியில் சுற்றி வீட்டு அலமாரியில் வைத்தாள். அங்கேதான் சறுக்கினோம். நானும் தடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து மழையில் குழியின் சுவர் சரிந்தது. சரிந்த மண்ணில் ஒரு மண்டையோடு. குரங்கு இல்லை, ஆதி மனிதனுடையது என்று பேராசிரியர் சொன்னார். ஆனால் அது எந்த அடுக்கிலிருந்து விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அடுக்கு தெரியாமல் வயது சொல்ல முடியாதாம். அதோடு, புருவத்துக்கு மேல் ஒரு துண்டு உடைந்து போயிருந்தது.

நாத்தனார் உடனே வீட்டுக்கு ஓடித் துண்டை எடுத்துவந்தாள். துணியை அவிழ்த்துப் பொருத்திக் காட்டினாள். சாவி பூட்டில் இறங்குவதுபோல் உட்கார்ந்தது.

"இது எங்க கிடைச்சதும்மா?"

"வெள்ளைச் சாம்பலுக்குக் கீழங்க ஐயா, வடக்கு மூலை. மேஸ்திரிதான் கூவினாரு. எங்க அண்ணியைக் கேளுங்க."

நான் ஆமாம் என்றேன். மேஸ்திரி செருப்பைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஞாபகமில்லைங்க" என்றார்.

பேராசிரியர் நெற்றியைத் தேய்த்தார். "சீட்டு இல்ல. வீட்டுக்கு வேற கொண்டு போயிட்டீங்க. வாய்ப்பேச்சை வெச்சு நான் எப்படிம்மா எழுதுவேன்?"

"நீங்க எழுதினா அது எழுத்துதானே ஐயா?"

அவர் பேனாவை எடுத்தார். பெட்டியின்மேல் ஏதோ எழுதினார். "அடுக்கு தெரியவில்லை" என்று எழுதியதாகப் பக்கத்திலிருந்தவர் படித்துச் சொன்னார்.

ஒன்பது வருஷம் ஆகிறது. முட்டி வீங்கி நடக்கவே முடியாதவள், வருஷா வருஷம் பஸ் ஏறி, அந்தப் பெட்டி இருக்கும் அலுவலகத்துக்கு, அடுக்கை எழுதச் சொல்லிக் கேட்கப் போகிறாள். அவர்கள் டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். போன வாரமும் அப்படித்தான். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "டீ நல்லா இருந்துச்சு அண்ணி" என்று சொல்லிச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதனால்தான் இதைச் சொல்லி எழுதவைக்கிறேன். எழுத்துதானே வேண்டும்? தெளிவாக எழுது: வெள்ளைச் சாம்பலுக்குக் கீழே. வடக்கு மூலை. காலையில் வந்த மூன்றாவது வாளி. சல்லடையின் இந்தப் பக்கம் நான் இருந்தேன்.