கோட்டையிலிருந்து வரவேண்டிய பதில்

எங்கள் ஊரில் கோட்டை இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் பெரிதாக எதையோ எதிர்பார்த்து வருவார்கள். கொள்ளிடத்தின் தென்கரையில், ஓடத்துறைக்கு மேலே, ஆள் உயரச் செங்கல் சுவரும் இடிந்த கொத்தளம் ஒன்றும்தான் மிச்சம். மற்ற செங்கல் பாதி மதகு கட்டப் போயிற்று, பாதி மிராசுதாரின் களஞ்சியத்துக்குப் போயிற்று. தஞ்சாவூர் ராஜாக்கள் காலத்தில் சீமை இந்த ஆற்றோடு முடிந்தது. வடகரையிலிருந்து வரும் ஓடம் நேராகக் கரை தொட முடியாது. கரைக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீருக்குள் ஒரு கல்தூண் நிற்கிறது, தலையில் இரும்பு வளையத்தோடு. அதில் கயிற்றைக் கட்டி நிறுத்தி, ஓடக்காரர் கழியை உயர்த்தி, "வரலாமா?" என்று கேட்க வேண்டும். கோட்டைக் காவலர்கள் ஆட்களைப் பார்த்துவிட்டு "வா" என்றால் வரலாம். பஞ்சத்தில் வடகரையிலிருந்து சோறு தேடி வந்தவர்களை அந்தக் கல்லிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியதாக ஊரில் சொல்வார்கள். எதிரிப் படையை நிறுத்தியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ராஜாக்கள் போனார்கள், வெள்ளைக்காரன் போனான், சென்னைக் கோட்டையில் கதர்ச்சட்டைகள் போய்க் கறுப்பு சிவப்புக் கரைவேட்டிகள் வந்தன. எங்கள் துறையில் அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. துணி துவைப்பவர்கள், மாடு கழுவுபவர்கள், யார் சுவர்ப் பக்கம் இருந்தாலும் நிமிர்ந்து பார்க்காமலே "வா" என்பார்கள். பதில் வராமல் கரை தொட்டால் அந்த ஓடத்தை அடுத்த வெள்ளம் கொண்டுபோகும் என்பது ஓடக்காரரின் நம்பிக்கை. அவருடைய அப்பாவின் ஓடம் அப்படித்தான் போயிற்றாம். ஆரம்பப் பள்ளி ஆசிரியையான நான் வகுப்பில் இதைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

இந்தக் குறுவை அறுவடையின்போது ஒருநாள் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஓடத்தில் என் மகள் இருந்தாள்.

கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு அரிவாளைக் கீழே வைத்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வயலில் கதிர் சாய்ந்து கிடந்தது. நான் அந்தத் தெருவில் பிறந்தவள். மாதச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால் என் வீட்டில் காய்ச்சிய கஞ்சி பக்கத்து வீடுகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. போராட்டத்தில் முன்னால் நின்றவன் என் தம்பி. மிராசுதார் வடகரையிலிருந்து அறுப்புக்கு ஆள் இறக்குகிறார் என்று தெரிந்ததும் அவன் கையில் கல்லோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கோட்டைச் சுவரில் போய் ஏறிக்கொண்டான். எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு கோட்டைக்குக் காவல் வந்தது.

வடகரையில் பத்தாவது படிக்கும் என் மகள் சாயங்காலம் திரும்பும் ஓடமும் அதுதான். செய்தி கேட்டு நான் ஓடிப் போனபோது ஓடம் கல்லில் கட்டி நின்றது. அரிவாளும் தூக்குச் சட்டியுமாக ஆணும் பெண்ணும் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவளுடைய நீலத் தாவணி. யாருடையதோ ஒரு கைக்குழந்தை அவள் மடியில். மேலணையில் திறந்துவிட்ட தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது. கல்தூணின் தலையும் வளையமும் மட்டும் வெளியே தெரிந்தன. வளையம் மூழ்கினால் கயிறு ஓடத்தின் முனையை உள்ளே இழுக்கும். அவிழ்த்துத் திரும்பினால் அத்தனை பாரத்தோடு அந்த இழுப்பில் வடகரை சேர முடியாது.

இலுப்பை மரத்தடியில் வண்டிகளோடு நின்ற மிராசுதாரின் காரியக்காரர், "வாய்யா, வா" என்று ஓடத்தைப் பார்த்துக் கத்தினார்.

"கோட்டையிலேருந்து சொல்லணுங்க. ஏறி வாங்க, எடம் இருக்கு" என்றான் சுவரில் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் குடையை மடக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார்.

"ஆஜர் எடுக்க டீச்சர் வந்துட்டாங்கடா" என்றது இன்னொரு குரல்.

தம்பி அவனை முறைத்துவிட்டுச் சுவரிலிருந்து என் பக்கம் இறங்கினான். "வூட்டுக்குப் போக்கா."

"எம் பொண்ணு உள்ள இருக்காடா."

"எனக்கும் மருமவதான். அவள ஆத்துல தள்ளவா நிக்கிறேன்? அந்த ஆளுவள கொண்டுபோயி உட்டுட்டு அவளோட வரட்டும்."

"அந்தத் தண்ணியில எப்படிடா திரும்புவாரு?"

"தெரிஞ்சுதான கூட்டியாந்தான்."

"வளையத்தப் பாரு."

அவன் பார்த்தான். பார்த்துவிட்டு மற்றவர்களைப் பார்த்தான். ஓடக்காரர் மறுபடி கழியை உயர்த்தினார். "வரலாமா?" அவர் குரல் உடைந்திருந்தது. என் மகள் என்னைக் கூப்பிடவில்லை. மாமனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க எறங்கினா நாளைக்கு அறுப்பு முடிஞ்சுது" என்றான் தம்பி தணிந்த குரலில். "இத்தன நாளு பட்டினி கெடந்தது எதுக்குன்னு நீதான் தெருவுல போயி சொல்லணும்."

"சொல்றேன்."

சுவரில் ஏற எனக்கு வேறு பிடிமானம் இல்லை. அவன் தோளைப் பிடித்துத்தான் ஏறினேன். அவன் தோளை விலக்கவில்லை. "வா" என்றேன். ஆற்றுச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை அடிவயிற்றிலிருந்து சொன்னேன்.

ஓடம் கரை தொட்டபோது கல்தூண் இருந்த இடத்தில் சுழிப்பு மட்டும் இருந்தது. கையில் கல் வைத்திருந்தவர்கள் எறியவில்லை. இறங்கியவர்களில் ஒரு பெண் என் மகளிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து வண்டியில் ஏறினாள். எங்கள் தெரு ஆட்களைவிட மெலிந்திருந்தாள்.

வயல் முழுக்க அவர்களே அறுத்தார்கள். பிறகு எங்கள் தெரு பழைய கூலிக்கே சம்பா நடவுக்கு இறங்கியது. நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. கஞ்சிக்குப் பாத்திரம் அனுப்புவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

ஓடம் கரை தொட்ட அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், ஆற்று நீர் தெறித்து நனைந்த தாவணியைப் பிழிந்துகொண்டே மகள் கேட்டாள்: "நான் அதுல இல்லன்னா நீயும் சொல்லியிருக்க மாட்ட, இல்லம்மா?" தலையைத் துவட்டு என்று மட்டும் சொன்னேன். அந்தக் குழந்தை இருந்ததே என்று பிற்பாடு சொல்ல நினைத்தேன். ஆனால் சுவரில் ஏறும்போது நான் குழந்தையை நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு துறையில் யாரும் "வா" சொல்வதில்லை. துவைப்பவர்கள் துவைக்கிறார்கள், மாடு கழுவுபவர்கள் கழுவுகிறார்கள், ஓடம் கல்லில் நிற்கிறது. ஆகவே தினமும் சாயங்காலம் நான் போய்ச் சொல்கிறேன். நேற்று மேலணையில் மறுபடி தண்ணீர் திறந்திருப்பதாகச் செய்தி வந்தது. தலைமையாசிரியரிடம் சொல்லிக்கொண்டு கடைசி மணிக்கு முன்பே கிளம்பிப் போனேன். சுவரில் தம்பி உட்கார்ந்திருந்தான். எனக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.