ராகேல் ஏறாத பாறை

“செருப்பக் கழத்திக் கையில பிடிங்க சாரே. வழுக்கி விழுந்து நடுவு ஒடிஞ்சா நான் உங்களச் சொமக்கதா, உங்க மூட்டையச் சொமக்கதா?”

பழந்துணியைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்துக்கொண்டே ராகேல் இதைக் கேட்பாள். எதிரே நிற்பவர் கல்லூரி வாத்தியாரானாலும் சரி, வக்கீலானாலும் சரி, கேள்வி மாறாது. பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்து முடித்தவர்களில் சிலருக்கு வேளிமலைமேலும் ஏறிப் பார்க்க ஆசை வரும். அவர்களுடைய சோற்றுப் பொட்டலம், தண்ணீர்ச் செம்பு, சில நேரம் நடக்க மாட்டேன் என்று அழும் பிள்ளை, எல்லாவற்றையும் சுமந்துகொண்டு உச்சிவரை முன்னால் நடப்பது அவள் பிழைப்பு. கூலியும் கொடுத்துத் திட்டும் வாங்கிக்கொள்ள ஆட்கள் தேடித்தான் வருகிறார்கள்.

நெட்டையான உருவம். சுமந்து சுமந்து கழுத்து மட்டும் ஆண்பிள்ளைக் கழுத்தாகப் பருத்துவிட்டது. வெற்றிலை கிடையாது, பொடி கிடையாது. கோபம் ஒன்றுதான் பழக்கம். அடுப்பு எரியாவிட்டால் அடுப்பைத் திட்டுவாள். நன்றாக எரிந்தால் சீக்கிரம் தீர்ந்துபோனதென்று விறகைத் திட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கையில், இவள் உதடு யாரிடமோ வழக்குப் பேசுவதுபோல் அசையும்.

மலைப்பாதையில் அவளுக்கு ஒரு முறை உண்டு. ஆனை முதுகு தேய்க்கும் பாறையைக் காட்டுவாள். கோடையிலும் வற்றாத சுனையில் ஒரு கை அள்ளிக் குடிக்கச் சொல்வாள். மூச்சுமுட்டி என்கிற ஏற்றத்தில் வாயைத் திறந்து பேசுகிறவனை அதட்டுவாள். அதற்கு மேலேதான் வம்பு. நல்ல ஒற்றையடிப் பாதை நேராகப் போய்க்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டு இடப்பக்கம் சூரைமுள் புதருக்குள் நுழைவாள். வேட்டி கிழியும், முழங்காலில் ரத்தம் வரும், பின்னால் வருகிறவர்கள் முனகுவார்கள். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். அந்த நேர்ப்பாதை ஒரு பாறைக்குப் போகிறது. மலையிலேயே நல்ல காட்சி அங்கேதான். அரண்மனையின் ஓட்டுக் கூரையும் வயலும் குளமும், தொலைவில் கடலும் ஒரே பார்வையில் தெரியும். ராகேலோடு போனவர்கள் எவரும் அதைப் பார்த்ததில்லை.

“இங்கே கள்ளிப்பாறை என்று ஒன்று இருக்கிறதாமே, அது எங்கே?” என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. மூட்டையைத் தொப்பென்று இறக்கி வைத்துவிடுவாள்.

“அங்க ஒரு எளவும் இல்ல. பாக்கணும்னா நீங்களே சொமந்துட்டுப் போங்க.”

அடிவாரத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கோபத்தின் வேர் தெரியும். மகாராஜா ஆட்சி நடந்த காலம். ராகேல் கல்யாணமாகி வந்த புதிது. காற்றில் விழுந்த காய்ந்த கொம்புகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கியவளைக் காட்டுக் காவலன் ஒருவன் அந்தப் பாறையில் வைத்து மறித்தான். விறகு அவனுக்கு வேண்டாம். மேலதிகாரியின் விருந்துக்கு அவள் வீட்டுக் கோழி வேண்டும். “கோழி அடைக்கு இருக்கு, தரமாட்டேன்” என்றாள். அவ்வளவுதான். தேக்குத் திருடினாள் என்று சொல்லி, சுள்ளிக்கட்டைத் தலையிலிருந்து இறக்க விடாமல், பொழுது சாயும்வரை பாறைமேல் உட்கார வைத்தான். மலை ஏறினவன், இறங்கினவன், மாடு மேய்த்தவன் எல்லாரும் பார்த்துக்கொண்டே போனார்கள். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. இருட்டுகிற நேரத்தில் ‘போ’ என்று விட்டுவிட்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

‘கள்ளி உட்கார்ந்த பாறை’ என்று முதலில் கேலிக்குச் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி அது சுருங்கிக் கள்ளிப்பாறை ஆயிற்று. அந்தக் காவலன் செத்து மண்ணோடு மண்ணாகிவிட்டான். அவன் பெயர்கூட ஒருவருக்கும் நினைவில்லை. கோழி கேட்டவன் பெயர் போய்விட்டது, கொடுக்காதவள் பட்டம் மலைமேல் நிற்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கோபம் வராமல் என்ன செய்யும்! இந்த மட்டில் யார் மண்டையையும் உடைக்காமல் இருக்கிறாளே, அதற்கே அவளைக் கும்பிடவேண்டும்.

“சுள்ளி பெறக்கப் போனவ கள்ளி ஆனேன். ஒரு எழுத்துதானன்னு சிரிச்சானுவ” என்பாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

இந்த ஐப்பசியில் நம் தாலுகாக்கள் மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. வெடி போட்டார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். காட்டிலாகாவுக்குப் புதிதாக வந்த அதிகாரி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மலை பார்க்க வருகிறவர்கள் வழி தெரியாமல் திண்டாடக் கூடாதென்று, பாறைக்குப் பாறை, சுனைக்குச் சுனை தமிழில் பெயர்ப்பலகை நட ஏற்பாடு செய்தார். தக்கலையில் பஸ்ஸுக்கு ஊர்ப்பெயர் எழுதும் குமாரதாசுக்கு அந்த வேலை கிடைத்தது. பிறந்தது மலையடிவாரம் என்பதால் பலகைகளைத் தன் வீட்டு முற்றத்திலேயே காயவைத்திருந்தான். அவ்வழியே போன ராகேல் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஆனைப்பாறை. வற்றாச்சுனை. மூச்சுமுட்டி. அடுத்து, மஞ்சள் தகரத்தில் கறுப்பு எழுத்தில், கள்ளிப்பாறை.

“லேய் குமாரதாசே, இத அழிலே.”

“எப்பிடியக்கா அழிக்கது? ஆப்பீசர் சொன்ன பேரு. நானா வச்சேன்?”

“வாயில வந்த பேரு, சொன்னவனுவ சாவும்போ கூடவே சாவும்னு இருந்தேன். நீ பெயிண்டு வச்சு எழுதுகியா? நான் குழிக்குள்ள போன பெறவும் இது அங்க நிக்கணுமா?”

குமாரதாஸ் பிரஷ்ஷின் கட்டையைக் கடித்துக்கொண்டு யோசித்தான். “ஒரு எழுத்த மாத்தட்டா? கள்ளிய வள்ளி ஆக்கிரலாம். கீழ குமாரகோயில் இருக்கு. பொருத்தமாட்டு இருக்கும்.”

“எனக்குத் தெய்வப் பட்டமும் வேண்டாம், திருட்டுப் பட்டமும் வேண்டாம். பாறைக்கு வெறும் பாறைன்னு எழுதினாப் போராதாலே?”

அதிகாரிக்கு யார் பதில் சொல்வது என்று அவன் பின்வாங்கவே, ராகேல் நேரே காட்டிலாகா ஆபீசுக்கு நடந்தாள். வழியெல்லாம் சொல்லவேண்டியதைப் பல்லுக்குள் அரைத்துக்கொண்டே போனாள். அடைக்கோழி, சுள்ளிக்கட்டு, காவலன், பாறை, எல்லாவற்றையும் அவர் மேஜைமேல் கொட்டிவிட்டுத்தான் மறுவேலை.

அதிகாரி நல்ல மனிதர். “சொல்லுங்கம்மா” என்றார்.

“கள்ளிப்பாறைன்னு எழுதப்பிடாது சாரே.”

“ஏன், நல்ல பேராச்சே! பாறையில கள்ளிச்செடி மண்டிக் கிடக்கும், அதனால வச்சிருப்பாங்க. எங்க பக்கமும் கள்ளிக்குளம், கள்ளிக்காடுன்னு எத்தனை இருக்கு!” சிரித்துக்கொண்டே கேட்டார். “வேற காரணம் ஏதும் உண்டா?”

ராகேலுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியாது. அவர் நினைப்பில் அந்தப் பாறைமேல் இருப்பது ஒரு செடி. காரணத்தைச் சொன்னால் செடியை இறக்கிவிட்டுத் தானே மறுபடியும் அங்கே ஏறி உட்காரவேண்டும். எந்தப் பழியைத் துடைக்க வந்தாளோ, அதை அறியாத ஒருவருக்கு இவளே அறிவிக்கவேண்டும். என்ன கொடுமை இது! அவள் கண்ணில் நீர் முட்டியது. துக்கத்தால் அல்ல, ஆத்திரத்தால்.

“காரணம் ஒண்ணும் இல்ல சாரே” என்றாள். “செடிதான்.”

“பலகையெல்லாம் மேலே கொண்டுபோகணும். நீங்கதான் சுமக்கிறவங்கன்னு சொன்னாங்க. கொண்டுபோயிருவீங்களா?”

அதற்கும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். அந்தப் பாறையில் அன்றைக்குக் கள்ளி ஒரு முளைகூடக் கிடையாது.

மறுநாள் காலை தூறலில் நனைந்துகொண்டே வேலியோரத்துச் சதுரக்கள்ளியை வெட்டுக்கத்தியால் வெட்டித் தள்ளினாள். பால் தெறித்துக் கை வெந்தது. துண்டுகளைப் பனையோலைக் கடவப்பெட்டியில் அடுக்கித் தலையில் ஏற்றிக்கொண்டாள். இம்முறை முள்புதர்ப் பக்கம் திரும்பவில்லை, நேர்ப்பாதையிலேயே போனாள். பாறை இடுக்குகளில் மண்ணை அள்ளிப் போட்டு, ஒவ்வொரு துண்டாக நட்டு, குதிகாலால் மிதித்து இறுக்கினாள். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு வசவு. காவலனுக்கு, அவன் மேலதிகாரிக்கு, பார்த்துக்கொண்டே போனவர்களுக்கு, அன்றைக்கு விவரம் தெரிந்தும் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த புருஷனுக்கு. இடையில் ஒரு தரம்கூட அவள் தலையை நிமிர்த்திக் கடலைப் பார்க்கவில்லை.

மழை விட்டு மார்கழி பிறந்ததும் பலகைகள் மலை ஏறின. கள்ளிப்பாறைப் பலகையை ராகேல்தான் சுமந்தாள். குமாரதாஸ் கடப்பாரையோடும் அதிகாரி கைத்தடியோடும் பின்னால் வந்தார்கள். பாறையில் நட்டவையெல்லாம் பிடித்துக்கொண்டு பச்சென்று நின்றன.

“பாத்தீங்களா, நான் அன்னைக்கே சொன்னேன்ல!” அதிகாரிக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

குமாரதாஸ் செடிகளின் அடியில் புதுமண்ணைப் பார்த்தான். பிறகு ராகேலைப் பார்த்தான். “இது எப்பம்…” என்று தொடங்கியவன், அவள் கண்ணைக் கண்டதும் குழி தோண்டக் குனிந்துவிட்டான்.

“ஆதிகாலத்திலேருந்து நிக்குதுல்லா” என்றாள் ராகேல், யாரையும் பார்க்காமல்.

அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்தார். அரண்மனைக் கூரையையும் கடலையும் பார்த்து இரண்டு தரம் ‘அடடா’ சொன்னார். பிறகு, “கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா” என்று கையைக் குவித்து நீட்டினார்.

ராகேல் செம்பைத் தூக்கினாள். நீட்டிய கையைத் தாண்டிப் போய்க் கள்ளியின் அடியில் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழும்வரை கவிழ்த்தபடியே பிடித்திருந்தாள்.