யார் வீட்டுப் பிள்ளை?

போன தீபாவளிக்கு, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டு விருந்துக்கு ஒரு பெண்ணை அழைத்திருந்தேன். அரசாங்கக் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். என் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு அங்கே பிரியாணி கொண்டுபோய்ப் பழக்கம். பதினெட்டு வயதானதும் இல்லத்தை விட்டு வந்து, சமூகநல இலாகாவின் உதவியில் கிள்ளானில் ஓர் அறை எடுத்துத் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

புதுப் பஞ்சாபி சூட் போட்டு, கையில் ஒரு டப்பா அச்சுமுறுக்கோடு வந்தாள். வந்தவர்களிடமெல்லாம் அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

"இது ஹோம் பிள்ளை. இப்பதான் வெளிய வந்திருக்கு. ரூம் வாடகைகூட அரசாங்கம்தான் கட்டுது. பாவம் லா."

எல்லாரும் என் நல்ல மனசைப் பாராட்டினார்கள். கேட்கக் கேட்க எனக்கு இனித்தது.

மாலையில் என் நாத்தனார் வந்தார். தட்டு எடுத்துக் கொடுத்த அவளைப் பார்த்து, "அழகா இருக்கியே மா, யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "ஹோம் பிள்ளை, ஆன்டி. இப்பதான் வெளிய வந்திருக்கேன். ரூம் வாடகைகூட அரசாங்கம்தான் கட்டுது."

என் வார்த்தைகள் அப்படியே. சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

எனக்குக் கூசிப்போனது.

"அது கிடக்கட்டும் மா. உன் பேரு என்ன?" என்றார் நாத்தனார்.

"தர்ஷினி, ஆன்டி."

காலையிலிருந்து அத்தனை பேர் வந்து போயும், அந்தப் பெயர் எங்கள் வீட்டில் ஒலித்தது அப்போதுதான்.

அவளுக்கு இலாகாவின் உதவி மாதாமாதம் சத்தமில்லாமல் வருகிறது. ஒரு வேளைச் சோறு போட்ட நான்தான் தம்பட்டம் அடித்தேன்.