நீலக் கோடு போட்ட கூடுகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு, எல்லோஸ்டோன் ஆற்றுக்கு வடக்கே பழைய சரளைக்குழியில் கைத்துப்பாக்கிப் போட்டி நடக்கும். எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பவள் ஆர்லிஸ் ஹால்வர்சன். அறுபத்தோரு வயது, வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். முழங்காலில் ரப்பர் பட்டை கட்டிக்கொண்டு அட்டை இலக்குகளை நட்டு வைப்பாள். சுட்டு முடித்தவர்கள் கிளம்பிய பிறகு தரையில் கிடக்கும் பித்தளைத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்குவாள். இலக்கு நட்டவளுக்கே கூடு என்பது அந்தக் கிளப்பின் வழக்கம்.

பொறுக்குவதற்கு அவளிடம் ஒரு கம்பிக்கூண்டு உண்டு. உண்மையில் தோப்பில் உதிர்ந்த கொட்டைகளை அள்ளச் செய்தது அது. கழியைப் பிடித்து உருட்டிக்கொண்டே போனால் கூடுகள் கம்பிக்குள் புகுந்துகொள்ளும். புதருக்குள் தெறித்ததை மட்டும் கையால் எடுக்க வேண்டும். பாம்பு இருக்கிறதா என்று கழியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுவாள்.

வீட்டு கராஜில் எல்லாவற்றையும் வால்நட் ஓட்டுப் பொடியோடு மோட்டார் வைத்த ஒரு டப்பாவில் போட்டு மணிக்கணக்கில் உருட்டுவாள். கணவர் லைல் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வார். பளபளவென்று வந்த கூடுகளை அளவுவாரியாகப் பிரிப்பாள். அடியில் பொறி கிளப்பும் புது பிரைமர் பொட்டு வைத்து, வெடிமருந்து போட்டு, குண்டு பொருத்தினால் மறுபடி தோட்டா. அந்த ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் சுடுகிறார்கள்.

பதினான்கு வருடத்துக்கு முன் ஆர்லிஸும் போட்டியில் சுட்டவள்தான். ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில் ஒரே கூட்டுக்கு இரண்டு முறை மருந்து போட்டுவிட்டாள். சுட்டபோது துப்பாக்கி வெடித்து வலது கட்டைவிரலின் நுனி போயிற்று. கண் தப்பியது கண்ணாடியால். அதற்குப் பிறகு போட்டியில் சுடவில்லை. ஆனால் கூட்டின் அடிப்பாகத்தை அவள் படிப்பதைப் போல அந்த மாவட்டத்தில் யாரும் படிப்பதில்லை. யார் துப்பாக்கியைத் துடைப்பதே இல்லை, யாருடைய ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, எல்லாம் அங்கே எழுதியிருக்கும்.

ஜூன் மாதக் குவியலில் மூன்று கூடுகளைத் தனியே எடுத்து வைத்தாள். நடுவில் இருக்கும் பிரைமர் பொட்டு ரயில் ஏறிய காசு போல நசுங்கியிருந்தது. உள்ளே அழுத்தம் எக்கச்சக்கமாக எகிறியிருக்கிறது என்று அதற்குப் பொருள். மூன்றின் அடியிலும் நீல மார்க்கரால் ஒரு கோடு. பயிற்சி நாட்களில் தங்கள் கூட்டை அடையாளம் காண ஆளுக்கொரு நிறம் வைத்திருப்பார்கள். நீலம் மெர்ல் ராஷ்கேயுடையது.

ஜூலையில் பதினொன்று. ஒன்றில் மயிரிழை போல விரிசல்.

மெர்ல் அந்தக் கிளப்பின் பாதுகாப்பு அதிகாரி. வயது எழுபது. முப்பது வருடமாகத் தோட்டா நிரப்புகிறவர். அவர் கை அளவு பிசகியதாக ஒருவரும் சொன்னதில்லை. தாராள மனசுக்காரர். யாருக்காவது தோட்டா தீர்ந்தால், பையில் இருந்து ஒரு பெட்டியை எடுத்து மடியில் போட்டுவிட்டுப் போவார். ஆர்லிஸ் பதினொன்றையும் ஒரு காபி டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் காட்டினாள்.

"இதப் பாரு மெர்ல். உன்னோடதுதான்."

"வெயில் காலம்மா. சூட்டுல மருந்து கொஞ்சம் துள்ளும்."

"விரிசலுமா துள்ளும்?"

"பழைய கூடு. பத்து தடவ நிரப்பியிருப்பேன். ஆர்லிஸ், உன் விரல் போனதுலேர்ந்து உனக்குப் பட்டாசு வெடிச்சாலே பயம். வா, காபி குடி."

காபி குடித்துவிட்டு வந்தாள். அந்த மாதம் முழுக்க வண்டி ஓட்டும்போதெல்லாம் விரிசல்தான் கண்ணில் நின்றது.

ஆகஸ்ட் போட்டியன்று காற்றே இல்லை. காலையிலேயே சரளை சுட்டது. முதல் களத்தில் மெர்ல் சுட்டு முடித்ததும் ஆர்லிஸ் கூண்டை உருட்டிக்கொண்டு போனாள். நீலக் கோடு போட்ட கூடு ஒன்றைக் குனிந்து எடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. பிரைமர் இருந்த இடத்தில் ஓட்டை மட்டுமே. பொட்டு கழன்று எங்கோ விழுந்துவிட்டது. அடுத்த கூட்டின் அடி, பானை வயிறு மாதிரி உப்பியிருந்தது.

அடுத்தது எது என்று அவளுக்குத் தெரியும். கூடு தாங்காது. துப்பாக்கி கைக்குள்ளேயே பிளக்கும்.

நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்துக் களத்தில், சுடுகிறவர்கள் நிற்கும் கோட்டில் கொரின் நின்றுகொண்டிருந்தாள். தபால் அலுவலகத்துப் பெண். முப்பது வயது இருக்கும். வசந்தத்தில்தான் கிளப்பில் சேர்ந்தாள். துப்பாக்கியின் மேகசினில் தோட்டாக்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கொரின்! அது யார் குடுத்த தோட்டா?"

"மெர்ல்தான் குடுத்தார். என்னோடது காலி. ஏன் கேக்குறீங்க?"

"திருப்பிக் காட்டு."

நீலக் கோடு.

"கீழ வை. எல்லாத்தையும் கீழ வை."

கொரின் வைத்துவிட்டாள். சத்தம் கேட்டு மெர்ல் வந்தார். பின்னாலேயே ஒரு கூட்டமும் வந்தது. ஆர்லிஸ் ஓட்டை விழுந்த கூட்டை நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. முகம் சிவந்துபோயிற்று.

"நாப்பது பேரு முன்னால என் தோட்டாவக் கொற சொல்றியா? குப்ப பொறுக்குற வேலையோட நிறுத்திக்க."

"ஒண்ணே ஒண்ணு கழட்டிப் பாரு மெர்ல். குண்ட எடுத்துட்டு மருந்த மட்டும் பாரு. அவ்வளவுதான் கேக்குறேன்."

"கழட்டவேண்டியதில்ல. இப்பவே சுட்டுக் காட்டுறேன். தள்ளு, கொரின்."

"விடுங்க மெர்ல், வெயில்ல எதுக்கு," என்று யாரோ சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள். மெர்ல் அதற்குள் கோட்டில் போய் நின்றுவிட்டார். இடுப்பு உறையில் துப்பாக்கி. கொரின் கீழே வைத்த மேகசினைக் குனிந்து எடுத்தார். காதுக் கவசத்தை இழுத்து மாட்டினார். இனி எதைக் கத்தினாலும் அவருக்கு ஏறாது.

ஆர்லிஸ் கூண்டை எடுத்தாள். கோட்டைத் தாண்டி நேராகக் களத்துக்குள் நடந்தாள். அட்டை இலக்குகளின் அருகில் போய் உருட்ட ஆரம்பித்தாள். அங்கே ஒரு கூடும் கிடையாது. வெறும் சரளையில் கம்பி கரகரவென்று உரசியது.

கோட்டுக்கு முன்னால் ஆள் இருந்தால் ஒருவரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. அந்த விதியைப் பலகையில் எழுதி நட்டவரே மெர்ல்தான். போன வருடம் தொட்ட ஒருவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்.

மெர்ல் காதுக் கவசத்தை இறக்கினார். "ஆர்லிஸ், வெளிய வா!"

அவள் உருட்டினாள்.

"போட்டிய நிறுத்தி வச்சிருக்க நீ! தெரியுதா?"

"தெரியுது. நீ கழட்டு, நான் வரேன்."

"பைத்தியமாயிட்டியா?"

"ஆமா. எனக்கு அவசரமில்ல. வண்டியில சாப்பாடும் இருக்கு, லைலும் இருக்காரு, கொண்டுவந்து குடுப்பாரு."

இந்த முறை சிரிப்பு மெர்ல் பக்கம் இல்லை. கால் மணி போயிற்று. அரை மணி. நெற்றி வியர்வை கண்ணாடிக்குள் இறங்கியது, அவள் துடைக்கவில்லை. கடைசியில் மெர்ல் மேகசினைக் கீழே வைத்தார். கைகளைப் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, உறையிலிருந்து கையைத் தூரமாக வைத்தபடி தன் பிக்கப் வண்டிக்குப் போனார். குண்டு கழற்றும் பிளாஸ்டிக் சுத்தியலோடு திரும்பினார். ஒரு தோட்டாவை அதற்குள் பொருத்தி மரக்கட்டையில் ஓங்கித் தட்டினார். மூன்றாம் தட்டில் குண்டு கழன்றது. மருந்தை ஒரு டப்பா மூடியில் கொட்டினார்.

பார்த்துக்கொண்டே நின்றார். இன்னொரு தோட்டாவை எடுத்தார். இன்னொன்று. பிறகு கொரினிடம் ஏதோ சொல்ல, அவள் வந்து துப்பாக்கியைத் தொடாமல் அவர் இடுப்புப் பட்டையை உறையோடு கழற்றி வாங்கிக்கொண்டாள்.

மூடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்தார். ஆர்லிஸ் எட்டிப் பார்த்தாள். சாம்பல் நிறத் தகடுகள், அவற்றின் நடுவே மிளகுத்தூள் போல உருண்டைகள். இரண்டு வேறு மருந்து. ஏதோ ஒரு நாள் வேலை முடிந்து, தோட்டா நிரப்பும் கருவியில் மிஞ்சிய மருந்தைத் தப்பான டப்பாவில் திருப்பிக் கொட்டியிருக்கிறார். பொடி உருண்டைகள் கீழே இறங்கியதால், டப்பாவின் அடிக்குப் போகப் போக வீரியம் ஏறியிருக்கிறது.

"அந்த டப்பால எத்தன நிரப்பின?" என்றாள்.

"எண்ணூறு."

"உன்கிட்ட எத்தன இருக்கு?"

"இருநூறு இருக்கும்."

"மிச்சம்?"

மெர்ல் அவளைப் பார்க்கவில்லை. கோட்டுக்குப் பின்னால் நின்ற நாற்பது பேரைப் பார்த்தார்.

"குடுத்தேன். இங்க, பக்கத்து ஊர் கிளப்புல, ஆத்துக்கு அந்தப் பக்கம்... கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். யார் யாருன்னு ஞாபகம் இல்ல, ஆர்லிஸ்."

கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து அவள்தான் கத்திச் சொன்னாள். துப்பாக்கிகளை வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, எல்லாரும் பைகளைத் திறந்து, ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் பார்க்கச் சொன்னாள். வரிசையாகப் பைகளின் ஜிப்புகள் திறந்தன. பெரியவர்கள் சரளையில் மண்டியிட்டு, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பித்தளையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். முதல் பையில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவது பைக்காரர் ஒரு பெட்டியை அப்படியே எடுத்துத் தரையில் வைத்தார். அதற்கு அடுத்தவர் இரண்டு வைத்தார்.

கொரின் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்தாள். ஜூனிலோ ஜூலையிலோ வந்து இன்று வராதவர்கள் ஒன்பது பேர். குழிக்குள் போன் எடுக்காது. ஆர்லிஸ் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு மேட்டின் மேல் ஏறினாள். முதல் பெயருக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கோ, யாரோ சுடுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.